மைக்குக்கு மட்டும் பேட்டரி கட்டினோம்

2012-ஆம் வருடம். கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத காலம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, இருங்காட்டுக்கோட்டையில் கார் சீட் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பென்னலூரில் ஆறு பேருக்கு ஒரு ரூம். ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுது போகாமல் நாடகம் போட ஆரம்பித்தோம். எழுதுவது, நடிப்பது, எல்லாரையும் அதிகாரம் பண்ணுவது எல்லாம் நான்தான்.

லைனில் எனக்குப் பக்கத்தில் வேலை பார்த்தவன் உள்ளூர்க்காரன். காது கேட்காது, பேச்சும் வராது. ஆனால் சூப்பர்வைசர் மாதிரி நடந்து காட்டினான் என்றால் லைனே சிரிக்கும். அவனை நாடகத்தில் சேர்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றது நான்தான். வாடகைப் பசங்களைப் பாடாய்ப்படுத்தும் ஹவுஸ் ஓனர் வேஷம் கொடுத்தோம். மேடை ஓரத்தில் ஒரு சிவப்பு பல்பு. அது எரிந்தால் அவன் முறை. ஒரு மாத ஒத்திகையில் ஒரு தடவைகூட அவன் தவறவில்லை. இப்படியொரு ஏற்பாடு வேறு எவனுக்குத் தோன்றும் என்று எனக்கு ஒரே பெருமை.

நாடகம் கோயில் பக்கத்து மைதானத்தில். கரண்ட் போனாலும் வசனம் கேட்க வேண்டுமே என்று மைக்செட்டுக்குப் பேட்டரி கட்டச் சொல்லியிருந்தேன். ஏழு மணி வாக்கில், அவன் என்னைச் சைகையிலேயே வறுத்தெடுக்கும் காட்சியில், கரண்ட் போனது. சுத்த இருட்டு. மைக் மட்டும் வேலை செய்தது. முன்னால் இருந்த சிலர் செல்போன் டார்ச்சை மேடைமேல் அடித்தார்கள். எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தத் தெனாவெட்டு.

"டார்ச்ச அணைங்க. ரேடியோ நாடகம்னு நெனச்சுக் கேளுங்க."

ஒரே கைதட்டல். இருட்டிலேயே வசனத்தைப் பொளந்து கட்டினோம்.

நடுவில் ஒரு பெண் ஏதோ கத்திக்கொண்டே மேடையை நோக்கி வருவது குரலில் தெரிந்தது. "யக்கா, அடுத்த நாடகத்துல ஒங்களுக்கு சான்ஸ் தாரேன், இப்ப உக்காருங்க" என்றேன். அதற்கும் சிரிப்பு.

பத்து நிமிடம் கழித்து விளக்கு வந்தது. அவன் தரையில் உட்கார்ந்து, மேடையில் போட்டிருந்த பெஞ்சின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. எனக்கும் அவனுக்கும் இரண்டடி தூரம்கூட இருக்காது. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். அவரவர் இடத்தில், சிரித்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தோம்.

சிவப்பு பல்பு எரிந்தது. எழுந்து, மிச்ச நாடகத்தை ஒரு பிசகில்லாமல் நடித்து முடித்தான்.

மேடைக்குப் பின்னால் அந்தப் பெண் அவன் கையைப் பிடித்தபடி நின்றார். அவனுடைய அக்கா. அவன் விரல்கள் வேகமாக ஏதோ சொல்லின.

"நீங்கல்லாம் எறங்கிப் போய்ட்டீங்கன்னு நெனச்சுக்கினானாம்" என்றார் அக்கா. "வூட்டுல கரண்ட் பூடுச்சுன்னா மொதல்ல இவன் கையத்தான் புடிப்போம்பா. அப்பாலதான் மெழுகுவத்தி தேடுவோம்."

கோபமாகச் சொல்லவில்லை. நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது. மைக்குக்குப் பேட்டரி கட்டத் தெரிந்த எனக்கு, அந்தச் சின்ன பல்புக்கு ஒன்று கட்டத் தோன்றவில்லை. அந்த இருட்டில் அவன் தோளைத் தொடக்கூடத் தோன்றவில்லை. அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவனிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. ஒரு வருடம் பக்கத்தில் வேலை பார்த்தும், அதற்கான சைகையைக் கற்றுக்கொள்ளாமலே இருந்திருக்கிறேன்.

லைனில் பிறகும் என்னைப் பார்த்துச் சிரிப்பான். ஒத்திகைக்கு மட்டும் வரவில்லை. வீட்டுக்கே போய்க் கூப்பிட்டேன். டீ கொடுத்தான். வரமாட்டேன் என்று தலையை ஆட்டினான். நானும் வற்புறுத்தவில்லை, எந்த முகத்தோடு வற்புறுத்துவது?

இன்றைக்கும் கரண்ட் போனால் என் கை தானாகப் பக்கத்தில் இருப்பவரைத் தேடிப் போகிறது. அந்தப் பத்து நிமிடமும் அவனைத் தேடாமல் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்த கை இது என்பதும் கூடவே நினைவுக்கு வந்துவிடுகிறது.