மூட மறுத்த துளை

இது நடந்தது. அல்ஜீரியாவில், கான்ஸ்டன்டைன் நகரில், ரமலான் பதினோராம் நாள், பட்டப்பகலில். யார் சிரித்தாலும் எனக்குக் கவலையில்லை.

ஒரு வீட்டுக்குள் காற்றும் சூடும் புகையும் எப்படிப் போகும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பது என் தொழில். அன்று என் கையில் இருந்தது நுவாராவின் வீடு. குளிர்கால இரவொன்றில் கேஸ் ஹீட்டரின் விஷப்புகையில் அவள் கணவன் இறந்துபோனான். அவள் பிழைத்தாள். குளிருக்குப் பயந்து சுவரிலிருந்த காற்றுத் துளையை அவள்தான் துணியால் அடைத்தாள், அதனால்தான் சாவு என்றான் வீட்டை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரன். எங்கள் ஊரில் யார்தான் அடைக்கவில்லை? என் வீட்டுத் துளையிலும் ஒரு பழைய ஸ்வெட்டர் இருந்தது. ஆனால் என் அறிக்கை அவன் பேச்சை ஒத்துக்கொண்டால், நுவாராவுக்கு ஜெயில்.

மணி 2.40. முதலாளி லக்தார் கோட்டை மாட்டினார்.

"தொள மூடியிருக்குன்னு போட்டு ஓட்டு, வர்தியா. கையெழுத்தப் போட்டுட்டு கெளம்பு."

"நோன்பு வச்சுக்கிட்டு பொய்க் கையெழுத்தா, மொதலாளி?"

"ஒன் வாய் மட்டும் நோன்பே இருக்காது!" என்று சிரித்துவிட்டுப் போனார்.

3.10. துளை: மூடியது. ஆட்கள்: இரண்டு. ஓட்டினேன். திரையில் படுத்திருந்த இரண்டு உடம்புகளின் சூடு சிவப்பாகத் தெரிந்தது. கதவருகே மூன்றாவதாக ஒன்று... ஒரு மீட்டர் உயரம். நின்றுகொண்டிருந்தது.

என் தப்புதான் என்று அழித்தேன்.

3.26. மறுபடி ஓட்டினேன். அது இப்போது சுவரோரம் நின்றது. துளை: திறந்தது.

நான் தொடவேயில்லை.

3.41. மூடினேன். முதுகுக்குப் பின்னால்... சர்ர்ர்... துணியை இழுக்கும் சத்தம். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. பிடரியில் குளிர்காற்று.

துளை: திறந்தது.

சரி, திறந்தே ஓடட்டும் என்று விட்டேன். அப்போதும் அறை புகையால் நிறைந்தது. மேலே வீட்டுக்காரன் கட்டிய புது மாடி, புகைபோக்கியின் வாயையே அடைத்திருந்தது!

போன் அடித்தது. லக்தார்.

"முடிஞ்சுதா?"

"தொள தெறந்துதான் இருந்துச்சு."

"யாரு சொன்னா?"

திரையைப் பார்த்தேன். அது அங்கேயே நின்றது.

"பாத்தவங்க."

"வேல போயிரும்."

"போகட்டும்."

5.50. நுவாராவின் கதவைத் தட்டினேன்.

"நான்தான் அடச்சேன்," என்றாள். "மூச்சு முட்டுதும்மான்னு சிஹாம் புடுங்கிட்டா. தூக்கத்துல நான் திட்டினேன்."

"சிஹாமா?"

"எம்பொண்ணு. ஆறு வயசு. எட்டு நாள் ஆஸ்பத்திரியில கெடந்து போயிட்டா. அதுக்குள்ள காகிதமெல்லாம் எழுதி முடிச்சுட்டாங்க. என்னை யாரும் கேக்கல."

அலமாரியிலிருந்து ஒரு துணியை எடுத்தாள்.

"தொளயில அடச்ச துணி. அவ போற வரைக்கும் கைய விரிச்சு இத எடுக்கவே முடியல..."

மறுநாள் காலை 8.05க்குக் கையெழுத்துப் போட்டேன். துளை: திறந்தது. ஆட்கள்: இரண்டு என்பதை அடித்துவிட்டு, மூன்று என்று எழுதினேன்.

இனி அந்தத் துளையை எவனாவது மூடிப் பார்க்கட்டும்.