லீவு கேட்காத பூச்சிகள்

சாயப்பட்டறையில் வேலை என்றதும் எல்லோரும் என் நகத்தைத்தான் பார்க்கிறார்கள். நகத்தில் சாயம் இருக்காது. நான் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற இடத்தில் ஆபரேட்டர். கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளுக்குச் சோறு போடுகிறவன். மாடு வைத்திருப்பவர்களே, நாய் வளர்ப்பவர்களே, வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போக முடியாத நம் கஷ்டம் உங்களுக்குத் தெரியும். கல்யாணமாகி எட்டு வருடத்தில் ஒரு தீபாவளிக்குக்கூட நான் மாமியார் வீட்டில் இருந்ததில்லை; மனைவி செல்வி தனியாகத்தான் போய் வருவாள். இந்த வருடம் கண்டிப்பாக வருகிறேன் என்று அவளிடம் சத்தியம் செய்திருந்தேன்.

வெல்லம்

பட்டறை ஓடுகிற நாளில் கவலை இல்லை. சாயத்தண்ணீர் தொட்டிக்கு வரும். அதிலுள்ள அழுக்கைப் பாக்டீரியாக்கள் தின்னும். மூச்சு முட்டாமல் இருக்க அடியிலிருந்து காற்று ஊதுவோம். பட்டறைக்கு லீவு விட்டால்தான் தலைவலி. தண்ணீர் வராது, தீனி இருக்காது, ஒவ்வொன்றாகச் சாக ஆரம்பிக்கும். அதனால் வெல்லமும் யூரியாவும் கரைத்து ஊற்ற வேண்டும்.

ஸ்டோர் கீப்பர் பழனிச்சாமி அண்ணனுக்கு இதில் இன்னும் நம்பிக்கை வரவில்லை. வெல்ல மூட்டையை அவிழ்க்கும் முன் ஒவ்வொரு முறையும் என்னை மேலும் கீழும் பார்ப்பார்.

“ஏனுங்க, இது பூச்சிக்குங்களா, உங்க டீக்குங்களா?”

பாக்கெட்டும் சாணியும்

ஒரு முறை மேனேஜர் எங்கிருந்தோ பாக்கெட் பாக்டீரியா வாங்கி வந்தார். ஒரே ரகம், சாயத்தை மட்டும் தின்னும் என்றார்கள். பத்து நாள் நன்றாகத்தான் தின்றது. பிறகு கறுப்புச் சாய ஆர்டர் வந்தது; அந்தத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, ஒட்டுமொத்தமாகப் போய்விட்டது. நான் அவிநாசிப் பக்கம் ஒரு மாட்டுக்காரரிடம் சாணி வாங்கப் போனேன்.

எதற்கு என்று கேட்டார். சாணியில் நூறு வகை இருக்கும், ஒன்று மிச்சம் வைப்பதை இன்னொன்று தின்னும், பெரியது சின்னதைத் தின்று கூட்டம் பெருகாமல் பார்த்துக்கொள்ளும், ஒரு வகை செத்தாலும் இன்னொரு வகை தாக்குப்பிடிக்கும் என்று விளக்கினேன். அவர் கூடையை நிரப்பிக்கொண்டே பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நாங்களும் சோளத்தோட தட்டப்பயறும் எள்ளும் கலந்துதானுங்க வெதைக்கிறோம். இதுக்குப் போயி பேண்ட்டு போட்டுப் படிச்சீங்களா?”

வாசம்

தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருந்தது. துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் வருகிறார், பட்டறை பளிச்சென்று இருக்க வேண்டும் என்று உத்தரவு. நான் மதியம் சாப்பிடப் போன நேரத்தில், ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் தொட்டியில் நாற்றம் வருகிறதென்று நல்லெண்ணத்தில் இரண்டு மூட்டை பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டார்.

திரும்பி வந்தபோது வெள்ளை நுரை கரைவரை நின்றது. ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை. எட்டு வருடமாகத் திட்டிக்கொண்டே சோறு போட்டவன் நான். இனி சோறு போட யாரும் இல்லை, ஊருக்குப் போகலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு வெட்கமாக இருந்தது. பிறகு அழுகை வந்தது. தொட்டி செத்தால் சாயத்தண்ணீரை விட இடமில்லை. அன்று சாயந்திரமே மெஷினை நிறுத்தினார்கள், பண்டிகை நேரத்தில் அத்தனை பேரும் வேலையில்லாமல் உட்கார்ந்தார்கள். சூப்பர்வைசர் மட்டும் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“எப்படியோ, நாத்தம் போயிருச்சுங்கல்ல?”

தீபாவளி

தண்ணீரை மாற்றி, மங்கலம் பக்கத்துப் பட்டறை ஒன்றிலிருந்து பாக்டீரியா உயிரோடு இருக்கிற சேறு இரண்டு டேங்கர் கொண்டுவந்து ஊற்றினோம். மறுபடி சாணி, மறுபடி வெல்லம். எல்லோரும் லீவில் போன அன்று தொட்டி பிழைக்குமா என்றே தெரியவில்லை. இந்த வருடமும் வர முடியாது என்று செல்வியிடம் போனில் சொன்னேன். அவள் பட்டென்று போனை வைத்துவிட்டாள்.

தீபாவளியன்று காலையில் தூக்குவாளியோடு தொட்டி ஓரத்தில் வந்து நின்றாள். அம்மா வீட்டுக்குப் போகவில்லை. கோபமாகத்தான் இருந்தாள். சமாதானத்துக்கு மைக்ராஸ்கோப்பைக் காட்டினேன். தலையில் சக்கரம் சுற்றுவதுபோல ஒரு பூச்சி உண்டு. அது நடமாடினால் தொட்டி பிழைத்துவிட்டது என்று அர்த்தம். நான் ஐந்து நாளாகத் தேடிக் கிடைக்காதது அவள் கண்ணில்தான் பட்டது. வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“உசுரோடதானுங்க இருக்குது. அப்ப அடுத்த வருசம் மறுபடியும் எங்கம்மா ஊட்டுக்கு நாந்தான் தனியாப் போகோணும்.”

லீவே கேட்காத கூட்டத்துக்கு மேஸ்திரியாக இருந்தால், அவர்கள் பிழைத்தார்கள் என்று சந்தோஷப்படுகிற அன்றைக்கே நம்முடைய லீவும் போய்விடுகிறது.