வைக்கோல் புகை தேடி வந்த விமானம்

வானத்தில் பறந்து காற்றை அளக்கும் வேலையில் பாதி, தரையில் நின்று ஊராரிடம் பேசுவதுதான். ஆய்வு விமானமொன்றுக்காக மட்டக்களப்பு மாவட்டத்து வாவிக்கரையொன்றில் அந்தப் பாதியைச் செய்தவன் நான். ஊருக்கு அறிவித்தல் சொல்லி அகப்பட்டுக்கொண்ட வாசகர்களுக்கு மீதி தானாக விளங்கும்.

துப்புரவு

பனிச்சங்கேணிப் பக்கம் அறுவடை முடிந்து வைக்கோல் எரிக்கும் காலம். அந்தப் புகையில் என்ன கலந்திருக்கிறது என்பதுதான் ஆய்வாளர் ரேணுகாவின் கலாநிதிப் பட்ட ஆராய்ச்சி. விமானம் தாழப் பறக்கும், பயப்பட வேண்டாம், உங்கள் காற்றை அளக்க வருகிறார்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனேன்.

விமானம் வந்த காலையில் ஒரு வயலிலும் நெருப்பில்லை. ரோட்டுக்குத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். குப்பைக் கிடங்கை மண் போட்டு மூடியிருந்தார்கள். கடைக்கார அக்கா என்னை மறித்துக் கேட்டார்: "எப்படி மகன் எங்கட காத்து? அடுப்பும் பத்தவைக்கல்ல, நேத்தையச் சோறுதான்."

கெஞ்சல்

இனி ஒரு பறப்புக்குத்தான் அனுமதி. அதிலும் புகை இல்லாவிட்டால் ரேணுகாவின் ஆராய்ச்சி அத்தோடு சரி. வயல்களுக்குப் பொறுப்பான வட்டவிதானையிடம் இருவரும் போய், வழக்கம்போல எரியுங்கள் என்று கேட்டோம்.

"எரிக்கச் சொல்றதும் நீங்க, மேலால வந்து படம் புடிக்கிறதும் நீங்க. மறுகா எரிச்சதுக்குத் தண்டம் கட்டுறது ஆரு, உங்கட பிளேனா?"

விமானத்தில் இருப்பது காற்றை உறிஞ்சும் குழாய் என்றேன். அவர் நம்பவில்லை. "புகை இல்லாட்டி என்ட படிப்பு முடிஞ்சுது ஐயா" என்றாள் ரேணுகா. அவர் எழும்பிவிட்டார்: "அழாதீங்க மகள். கூட்டம் வெச்சுக் கதைக்கிறன்."

ஒற்றுமை

கூட்டத்தின் முடிவை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒருவர் எரித்தால் அகப்படுவார், எல்லாரும் எரித்தால் ஆரைப் பிடிப்பது என்பது அவர்களின் கணக்கு. விமானச் சத்தம் கேட்டதும் வட்டையின் எல்லா வயல்களுக்கும் ஒரே நேரத்தில் தீ வைத்தார்கள்.

வாவி மறைந்தது. விமானி தாழ இறங்க மறுத்து, புகையின் ஓரத்தால் சுற்றித் திரும்பினார். கருவி தன் உச்ச அளவில் போய் அசையாமல் நின்றது. வயல் வயலாக, கிழமைக்கணக்கில் மெல்ல எரியும் வழமையான புகையைத் தேடி வந்த ரேணுகா, விமானத்தால் இறங்கியதும் குறிப்பேட்டை மூடினாள். அவளுடைய தொலைபேசி அடித்தது. வட்டவிதானை: "இவ்வளவு புகை காணுமா மகள்? காணாட்டிச் சொல்லுங்க, பக்கத்து வட்டையும் ரெடியா நிக்குது."

விமானம் வரும் நாளில் அந்த ஊரின் காற்று ஒன்றில் மிகத் துப்புரவாக இருக்கும், இல்லாவிட்டால் மூச்சுவிட முடியாததாக இருக்கும் என்பதற்கு மேல் விஞ்ஞானத்துக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.