நடுக்க நாளில் முகூர்த்தம்

தையல்காரன் சொன்ன நாளை நம்பித் துணி கொடுத்தவன் தீபாவளிக்குப் பழைய வேட்டியைத்தான் கட்டுவான் என்பது எங்கள் தொழிலுக்கு ஊர் வைத்த பெயர். மலாயாவின் ஈப்போவில் கொஞ்ச காலம் அந்தப் பெயரை நான் ஒருவன் பொய்யாக்கி வைத்திருந்தேன். அதற்குக் காரணம் என் ஒழுங்கு அல்ல, என் காய்ச்சல்.

ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய காலத்தில் பிடித்த குளிர்காய்ச்சல் அது. தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்து, ராவுத்தர் ஒருவரின் துணிக்கடைக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையில் தையல் மிஷினைப் போட்டு உட்கார்ந்த பிறகும் என்னை விடவில்லை. இரண்டு நாள் சும்மா இருக்கும். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு டாண் என்று வந்துவிடும். முதலில் குளிர், அப்புறம் அனல், அப்புறம் வேர்வை. சாயங்காலம் ஆளை விட்டுவிடும். கொய்னா மாத்திரை சாப்பிட்டால் கொஞ்ச நாள் ஓய்ந்திருந்துவிட்டு மறுபடியும் வரும். என்னைப் போல் முறை வைத்து நடுங்கும் அன்பர்களே, உங்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் கம்பளியை வெயிலில் காயப்போட்டுவிட்டுத்தான் இதைப் படிக்க உட்கார்ந்திருப்பீர்கள்.

நான் சொல்லப்போவது என் மூத்த மகள் தனபாக்கியத்துக்கு மாப்பிள்ளை பார்த்த வருஷத்துக் கதை. அவளை என் கையாலேயே தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது இருந்த ஒரே ஆசை. ‘நோயாளி வீட்டுப் பெண்’ என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிடுவார்களோ என்பது ஒரே பயம்.

சுவரில் பெருக்கல் குறி

துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியால் கடைச் சுவரில் நாட்களைக் குறித்து வைத்திருந்தேன். நல்ல நாளுக்கு ஒரு நேர்கோடு, நடுங்கும் நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. மூன்றில் ஒரு நாள் கைக்கு வராது என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் வாய்க்கு வந்த நாளைச் சொல்ல முடியாதல்லவா? “வெள்ளிக்கிழமை பெருக்கல். சனிக்கிழமை பொத்தானுக்குக் காஜா எடுக்கணும். ஞாயித்துக்கிழமை வாங்க” என்பேன். ஞாயிற்றுக்கிழமை சட்டை மடித்துத் தயாராக இருக்கும்.

ஒரு நாள் பால்காரர் சம்சாரம் தன் ரவிக்கைத் துணியோடு வந்தார். நான் நாலு நாள் தவணை கேட்டேன். அடுத்த கடை வாசலில் மிஷின் போட்டிருந்தவர் சும்மா இருக்காமல், “இங்க குடுங்கக்கா, நாளைக்கே தாரேன்” என்று குரல் கொடுத்தார். அந்த அம்மாள் சுவரைப் பார்த்தார், விரல் விட்டுக் கோடுகளை எண்ணினார், துணியை என் பக்கமே தள்ளினார். “அவரு சொல்ற நாளை அவரே நம்ப மாட்டாரு. உங்க காய்ச்சல் சொல்ற நாளைத்தான் நான் நம்புவேன், அண்ணே!”

கம்பளிக்கு மேலே மூன்று பேர்

குளிர் ஏறும்போது என் மனைவி மீனாட்சி வீட்டில் இருக்கும் கம்பளி, ஜமக்காளம், கடையில் மிஞ்சிய கோட்டுத் துணி எல்லாவற்றையும் என் மேல் போடுவாள். அப்படியும் கட்டில் தடதடவென்று ஆடும். ஆட்டத்தை அடக்க ஒரே வழிதான் இருந்தது. தனபாக்கியம் கஞ்சி வைக்கப் போவாள்; மற்ற மூன்று பிள்ளைகளும் கம்பளிக்கு மேலே ஏறிப் படுத்துக்கொள்வார்கள். நாளடைவில் அது அவர்களுக்கு ரயில் விளையாட்டாகிவிட்டது. ஈப்போவில் ஏறி, தஞ்சோங் மாலிமில் இறங்குவார்கள். குளிர் உச்சத்துக்குப் போகும்போது ரயில் பாலத்தைக் கடக்கிறதாம். பல் கிட்டிக்கொண்டிருக்கும் எனக்கும் சிரிப்பு வந்துவிடும். மற்ற நாட்களில் மிஷினே கதி என்று கிடக்கும் தகப்பன் அந்த ஒரு நாள்தான் அவர்களுக்கு முழுதாகக் கிடைத்தான்.

ஒரு முறை கொய்னாவின் தயவால் மூன்றாம் நாள் காய்ச்சல் வரவில்லை. பத்து மணிக்கு மூன்றும் கட்டிலைச் சுற்றி வந்து நின்றன. நான் எழுந்து உட்கார்ந்து காபி குடிப்பதைப் பார்த்ததும் கடைக்குட்டி வள்ளிக்கு உதடு பிதுங்கிவிட்டது. அடுப்படிக்கு ஓடி முறையிட்டாள்: “அம்மா, இன்னைக்கு ரயிலே வரல! இனிமே அப்பாவுக்குக் கொய்னா குடுக்காதீங்கம்மா!”

காதுக்குள் சுருதி

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு, கால் ஆர்மோனியம். ஊருக்கு வந்த நாடகக்காரர்கள் விட்டுவிட்டுப் போன பெட்டி ஒன்று மாரியம்மன் கோயில் மூலையில் தூங்கிக்கொண்டிருந்தது. துருத்தியைக் காலால் மிதித்துக்கொண்டே கையால் வாசிக்க ஊரில் ஆள் இல்லை. நாள் முழுவதும் தையல் மிஷினை மிதிக்கிற காலுக்கு அது ஒரு வேலையா? ஞாயிறு சாயங்காலம் பஜனையில் உட்கார்ந்துவிட்டால் காய்ச்சல் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே எனக்கு மறந்துபோகும்.

கொய்னா சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், காதுக்குள் ‘ஙொய்’ என்று ஒரு சத்தம் ஓயாது. எதிரில் இருப்பவர் பேசுவதுகூடச் சரியாகக் கேட்காது. எல்லாரும் அதைத் திட்டுவார்கள். நான் அதைச் சுருதியாக வைத்துக்கொண்டேன். அந்த ஙொய்க்குத் தோதாகக் கட்டையைப் பிடித்தால் பஜனையில் பாடும் மளிகைக்கடை சுப்பையாவின் குரலுக்குக் கச்சிதமாக இருக்கும். ஒரு மாதம் உடம்பு தேறி மாத்திரையை நிறுத்தினேன். காது துடைத்துவிட்டாற்போல் ஆனது. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கே தொடங்குவதென்று புரியாமல் எக்கச்சக்கமாக மேலே பிடித்துவிட்டேன். சுப்பையா முதல் பாட்டிலேயே முகம் சிவந்து, தொண்டை கட்டி, தண்ணீர் கேட்டார். மிருதங்கம் குப்புசாமி என் காதருகே வந்து சொன்னார்: “அண்ணே, பஜனைன்னு வந்துட்டா உடம்பு நல்லா இருக்குன்னு பார்க்காதீங்க. ரெண்டு கொய்னாவைப் போட்டுட்டு வாங்க!”

கத்திப் பேசிய சம்பந்தம்

ராவுத்தர்தான் சம்பந்தம் கொண்டுவந்தார். காம்பார் பக்கத்துத் தோட்டத்தில் கங்காணியாக இருந்த முத்தையா என்பவரின் மகன். பையனுக்கு அதே தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் வேலை. பார்க்க லட்சணம், பேச்சில் மரியாதை. தனபாக்கியத்துக்கும் பிடித்துவிட்டது. மீனாட்சி ஈரத்துணியோடு கடைக்கு வந்து சுவரில் இருந்த கோடுகளை எல்லாம் துடைத்தாள். “கல்யாணம் முடியற வரைக்கும் காய்ச்சல்ங்கிற வார்த்தை உங்க வாயில வரக் கூடாது” என்றாள்.

அதிசயம் என்னவென்றால், கங்காணி வருகிறேன் என்று சொல்லி அனுப்பிய நாள் ஒன்றுகூட என் நடுக்க நாளில் விழவில்லை. அவருடைய வாய் முகூர்த்தம் அப்படி என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவருக்குக் காது மந்தம். தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தில் தினமும் பெயரைக் கூவிக் கூவி அப்படி ஆகியிருக்கும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். எனக்கோ கொய்னா காது. ராவுத்தர் கடையில் உட்கார்ந்து அவர், “பொண்ணுக்கு என்ன வயசு?” என்று கத்த, நான் “என்ன?” என்று கத்த, அவர் “என்ன?” என்று திருப்பிக் கத்த, தெருவில் கூட்டம் கூடிவிட்டது. ராவுத்தர் துணி அளக்கும் கோலை மேசைமேல் தட்டினார்: “யா அல்லா! நீங்க சம்பந்தம் பேசுறீங்களா, ஆட்டு விலை பேசுறீங்களா? சிலிபின்ல இருக்கிற உங்க வீடு வரைக்கும் கேக்குது!”

எல்லாருக்கும் பிடித்த நாள்

கோயில் பண்டாரம் பஞ்சாங்கத்தைப் பிரித்து வைகாசிக் கடைசியில் ஒரு புதன்கிழமையைச் சொன்னார். காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். மூத்த பெண்ணுக்கு ஆனி ஆகாது, ஆடி யாருக்கும் ஆகாது; அதை விட்டால் ஆவணிதான். நான் துண்டுக்கு அடியில் விரல் விட்டு எண்ணினேன். பெருக்கல் குறி! மறுபடி எண்ணினேன். அதே பெருக்கல் குறி. மீனாட்சியைப் பார்த்தேன், அவள் கூரையைப் பார்த்தாள். நாளை மாற்றச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். என்ன பதில் சொல்வது?

எதிரில் கங்காணியும் முழங்காலுக்கு மேல் விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். பெரிய குடும்பம், சொந்தக்காரர்களை எண்ணுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். சட்டென்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “ரொம்ப நல்ல நாள்!” என்று கத்தினார். விடுவேனா? “இதைவிட நல்ல நாள் கிடைக்காது!” என்று நானும் கத்தினேன். பண்டாரம் பஞ்சாங்கத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “எத்தனையோ கல்யாணத்துக்கு நாள் குறிச்சிருக்கேன். ரெண்டு வீட்டுக்காரங்களும் தகராறே இல்லாம ஒத்துக்கிட்டது இதுதாங்க முதல் தடவை!”

என் கம்பளிக்குள் யார்?

கல்யாணம் சிலிபினில் என் வீட்டு வாசலில். இரண்டு நாளாகக் கொய்னாவை அள்ளிப் போட்டதில் நாதஸ்வரமே எங்கோ தூரத்தில் வாசிப்பதுபோல் கேட்டது. ஒன்பதரைக்குள் தாரை வார்த்துவிட்டால் பிழைத்தேன் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் ஒன்பதரைக்கு மாப்பிள்ளையின் அப்பாவைக் காணவில்லை. அவர் வராமல் பண்டாரம் தொடங்க மாட்டேன் என்றார். பத்தாவதற்குள் எனக்கு நகம் நீலம் பூத்துப் பல் தந்தியடிக்கத் தொடங்கியது. அன்றைக்குப் பட்ட பயத்தை நான் தோட்டத்துக் காட்டில்கூடப் பட்டதில்லை. மச்சினன் என் இடத்தில் உட்கார்ந்து தாரை வார்ப்பதை நான் கட்டிலில் கிடந்தபடி காதால் கேட்க வேண்டியதுதானா? மீனாட்சி என் முழங்கையைக் கிள்ளி, “பின்னறையில அஞ்சு நிமிஷம் கம்பளியைப் போத்திக்கிட்டு வாங்க. நான் சமாளிக்கிறேன்” என்றாள்.

பின்னறைக் கதவைத் திறந்தால், கட்டில் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. என் கம்பளி தானாக நடுங்குகிறது! ஒரு நிமிஷம், நான்தான் அங்கே படுத்திருக்கிறேனோ என்றே தோன்றிவிட்டது. ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். உள்ளேயிருந்து யாரோ திருப்பி இழுத்தார்கள். ஓங்கி இழுத்ததும் தலைப்பாகையோடு ஒரு முகம் வெளியே வந்தது. கங்காணி!

“உங்களுக்குமா?” என்றேன். “ஆறு வருசமா” என்றார். வெட்கப்பட நேரமில்லை. நானும் உள்ளே புகுந்துகொண்டேன். நோய் என்று தெரிந்தால் நான் பெண் கொடுக்க மாட்டேனோ என்று அவர் மறைத்திருக்கிறார். அவர் பெண் எடுக்க மாட்டாரோ என்று நான் மறைத்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் ஒரே முறை, ஒரே நாள், ஒரே மணி, ஒரே கொய்னா காது. சிரிப்பும் குளிரும் சேர்ந்து வந்ததில் கட்டிலின் ஒரு கால் ஒடிந்தே போனது. பல் கிட்டக் கிட்டக் கங்காணி சொன்னார்: “அஞ்சு மாசமா நான் சொன்ன நாளுக்கெல்லாம் நீங்க சரின்னீங்க. தங்கமான மனுசன், எதுக்கும் மறுப்பே சொல்ல மாட்டாருன்னு என் சம்சாரத்துக்கிட்ட உங்களைப் பத்திப் பெருமையா பேசினேன்லா!”

தாரை

இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு பந்தலுக்கு வந்தோம். மீனாட்சியும் கங்காணி சம்சாரமும் எங்களைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், ஒரே சமயத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எங்கள் வழக்கப்படி பெண்ணின் கையை நான் பிடித்து மாப்பிள்ளை கையில் வைக்க வேண்டும். மாப்பிள்ளையின் அப்பா கீழே கை கொடுத்துத் தாங்க வேண்டும். மேலே மீனாட்சி தண்ணீர் விடுவாள். விட்டாள். மேலே என் கை ஆட, கீழே அவர் கை ஆட, தண்ணீர் பண்டாரத்தின் பஞ்சாங்கம் முதல் மாப்பிள்ளையின் பட்டு வேட்டி வரை தெறித்தது.

தனபாக்கியத்துக்கு அந்த நடுக்கம் சின்ன வயதிலிருந்தே பழக்கம். குனிந்த தலை நிமிராமல் என் விரல்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கஞ்சிக் கிண்ணத்தை நீட்டும்போது பிடிக்கிற அதே பிடி. இனி யார் கஞ்சி வைப்பார்கள் என்று நினைத்ததும் எனக்குக் கண் தளும்பிவிட்டது. அந்த நடுக்கத்தில் பாதி காய்ச்சல் இல்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் கையாலேயே கொடுத்தேன். மகிழ்ச்சியில் நெஞ்சு நிறைந்துபோனது.

பந்தலில் பல பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். “பெத்த பாசம், எப்படி நடுங்குது பாரு” என்று எங்கள் சொந்தக்காரி ஒருத்தி விசும்பினாள். மாப்பிள்ளையின் அத்தை ஒருவர் மட்டும் கங்காணியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பந்தல் முழுக்கக் கேட்கும்படி கேட்டார்: “பொண்ணைக் குடுக்கிறவரு நடுங்குறாரு, சரி. வாங்கிக்கிறவரு எதுக்குலா நடுங்குறாரு?”

மூன்று நாளில் ஒரு நாளைக் காய்ச்சல் எடுத்துக்கொள்வது உண்மைதான் என்றாலும், அந்த ஒரு நாளிலேயே எனக்கு ஒரு சம்பந்தியையும் கொண்டுவந்து கட்டிலில் போட்டுவிட்டுப் போனதால், அதன்மேல் இப்போது எனக்குப் பெரிய கோபம் ஒன்றும் இல்லை.