சுவிட்சில் வைத்த சந்தனம்

திருச்சி ஆஸ்பத்திரியின் நடைபாதையில், இடது கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ரத்தம் இறங்காமல் இருக்க அப்படித் தூக்கிவைக்கச் சொல்லியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில்கூட நான் அவ்வளவு நேரம் கை தூக்கியதில்லை.

கையில் சுற்றியிருந்தது பாலிஷ் போட வைத்திருந்த பழைய வேட்டித் துணி. வார்னிஷ் வாடை அடித்தது. வலி அதிகம் இல்லை. வலி இல்லாததும் ஒரு கெட்ட அறிகுறி என்று அப்போது எனக்குத் தெரியாது.

டாக்டரம்மா துணியை அவிழ்த்தார். காயத்துக்குள் கறுப்பாக அப்பியிருப்பது என்ன என்று கேட்டார். காப்பித்தூள் என்றேன். ரத்தம் நிற்கட்டும் என்று என் கூட்டாளி, தச்சர் கலியபெருமாள், பக்கத்து டீக்கடையில் வாங்கி அமுக்கியது. அதைக் கழுவி எடுப்பதே தனி வேலை என்று முகம் சுளித்தார். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாலே போதுமாம். இதைப் படிக்கிறவர்கள் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

"ஆள்காட்டி விரலை மடக்குங்க" என்றார். மடக்கினேன். அதாவது, மடக்கியதாக நினைத்தேன். விரல் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது. நடுவிரலும் அப்படித்தான். இரண்டின் நுனியிலும் ஊசியால் குத்தினார். எனக்குத் தெரியவில்லை.

தசைநாண் (விரலை மடக்குவதற்கு உள்ளேயிருந்து இழுக்கும் கயிறு) இரண்டு விரலிலும் அறுந்திருந்தது. கூடவே உணர்ச்சி நரம்பும். ஒட்டினால் விரல் மடங்கும், உணர்ச்சிக்கு மட்டும் உறுதி சொல்ல முடியாது என்றார். இடது கைதானே, வலது கை நன்றாக இருக்கிறதே என்று ஆறுதலும் சொன்னார்.

என் பிழைப்பே இடது கையில்தான் என்று அவருக்குத் தெரியாது. மேசை, பீரோவை இழைத்துத் தேய்த்து பாலிஷ் போடுவது என் தொழில். தேய்ப்பது வலது கை. தேய்த்தது போதுமா என்று பார்ப்பது இடது கையின் இந்த இரண்டு விரல்கள். கண் ஏமாந்துவிடும். மயிரளவு மேடு இருந்தாலும் வார்னிஷ் ஏறியதும் பல்லைக் காட்டும். வலது கை காய்த்துப்போனது, அதற்கு ஒன்றும் தெரியாது. இந்த விரல்களுக்கு உணர்ச்சி இல்லையென்றால் நான் வெறும் உப்புத்தாள் தேய்க்கிற ஆள்.

நடந்தது இதுதான். எங்கள் அரியலூர் தனி மாவட்டமாகி, மறுபடி பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டிருந்த சமயம். ஆயுத பூஜைக்குப் பட்டறையில் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம். உளிக்கு, இழைப்புளிக்கு, வட்டு மாற்றி அறுக்கவும் தேய்க்கவும் வைத்திருந்த கை கிரைண்டருக்கு. கிரைண்டருக்கு நெற்றி எது? முன்னும் பின்னும் தள்ளுகிற அந்தச் சுவிட்சுதான் என்று தோன்றியது. தாராளமாக அப்பினேன். வைத்த பொட்டைத் துடைக்கக்கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

மறுநாள் விஜயதசமி, நல்ல நாள் என்று வேலையைத் தொடங்கினேன். பல் வைத்த பிளேடு போட்டு விளிம்பைச் சீவிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. சும்மா இருப்பானேன், அதற்குள் பிளேடைக் கழற்றித் தேய்க்கிற வட்டைப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். சுவிட்சைப் பின்னால் தள்ளினேன். காய்ந்த சந்தனம் இடுக்கில் இறுகியிருந்ததால் அது பாதிதான் நகர்ந்தது; அணைந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். பிளக்கைப் பிடுங்கவில்லை, நாலு எட்டு நடக்க வேண்டுமே. பிளேடை மூடும் தகட்டை அதற்கு முன்பே கழற்றி எறிந்திருந்தேன், பார்வைக்கு மறைக்கிறது என்று. மெஷினை முழங்காலுக்கு நடுவே இடுக்கி, இடது கையால் பிளேடைப் பிடித்து நட்டைத் திருகினேன்.

கரண்ட் வந்துவிட்டது.

சாமி குத்தம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். சாமி பிளக்கையும் பிடுங்கவா வரும்? குத்தம் என்னுடையது.

அறுவை சிகிச்சை முடிந்து ஸ்பிளிண்ட் (ஒட்டிய நாண் இழுபடாமல் விரல்களை மடங்கிய நிலையில் பிடித்துவைக்கும் கட்டு) ஆறு வாரம் இருந்தது. சட்டைப் பொத்தானை என் மனைவி தனலட்சுமி போட்டுவிட்டாள். ஒரு நாள் அவள் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கும்போதே அழுதேன். அவள் மீதிப் பொத்தான்களையும் போட்டு முடித்துவிட்டுத்தான் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

அதன் பிறகு வாரம் ஒருமுறை பெரம்பலூருக்கு பஸ்ஸில் போய் விரல் பயிற்சி. ஒட்டிய இடத்தைச் சுற்றி நாண் சதையோடு பிடித்துக்கொள்ளும், அதை மெல்ல மெல்ல விடுவிக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் மறுபடி அறுந்துவிடும். நான் அவசரக்காரன். இந்த வைத்தியம் எனக்கென்றே வந்ததுபோல் இருந்தது.

நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். விரலை அடியிலிருந்து தட்டிக்கொண்டே வந்தால், நரம்பு வந்து சேர்ந்த இடத்தில் சுரீர் என்னும். பட்டறையின் இரும்பு ஸ்கேலை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். காலையில் தட்டுவேன், அளப்பேன். இன்று என்ன கிழமை என்று கேட்டால் தெரியாது, எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டால் சொல்வேன்.

நடுவிரலில் அந்தச் சுரீர் நுனிவரை போய்ச் சேர்ந்தது. ஆள்காட்டி விரலில் நடுக்கணுவில் நின்றுவிட்டது. மாதக்கணக்கில் தட்டினேன். அதற்கு மேல் அது வரவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்குத் தனலட்சுமி சந்தனக் கிண்ணத்தோடு பட்டறைக்கு வந்தாள். "எங்கங்க வைக்கட்டும், சுவிட்ச்லயா?" என்று குத்திக்காட்டினாள். மெஷினின் முதுகைக் காட்டினேன். வைத்தாள். பிறகு என் இடது கையைப் பிடித்து இரண்டு விரல் நுனியிலும் ஒவ்வொரு பொட்டு வைத்தாள்.

"சில்லுனு இருக்கா?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். "ஒன்னுலதான் தெரியுது" என்றேன்.

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு உளிகளுக்குப் பொட்டு வைக்கப் போனாள்.

மறுநாள் ஒரு தேக்கு மேசை. ஒரு வருடம் கழித்து முதன்முதலாக என் பொறுப்பில் வந்த பலகை. வழவழவென்று இருப்பதாகவும் முதல் பூச்சு அடித்துவிடலாம் என்றும் கலியபெருமாள் சொன்னான். ஆள்காட்டி விரலைத் தூக்கிக்கொண்டு நடுவிரலை மட்டும் பலகையில் வைத்து நகர்த்தினேன். முன்பெல்லாம் ஒரே வீச்சில் தடவிவிடுவேன். இப்போது நத்தை வேகம். ஒரு மூலைக்கு வந்ததும் விரல் நின்றது.

"மேடு இருக்குய்யா" என்றேன்.

அவன் தடவிப் பார்த்து இல்லை என்றான். அவன் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். அங்கேயே இரண்டு தடவை தடவிவிட்டு, "ஆமா மாப்ள" என்றான்.

உப்புத்தாள் வட்டை எடுக்கும்போது கரண்ட் போய்விட்டது. நாலு எட்டு நடந்து பிளக்கைப் பிடுங்கி, மெஷினை வயரோடு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எப்போது வருமோ என்று கலியபெருமாள் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தான். வரும்போது வரட்டும். மேடு எங்கேயும் போய்விடாது.