பட்டாணி பழசு

என் மாமனாருக்குப் பல் முழுவதையும் எடுத்த வருஷம் எங்கள் வீட்டில் எந்தப் பாத்திரத்தைத் திறந்தாலும் கூழ்தான். காலையில் கேழ்வரகுக் கூழ், மத்தியானம் குழைந்த சோறு, ராத்திரிக்கு ரவைக் கஞ்சி. கறியும் கருவாடும் கடித்து வளர்ந்த மனுஷன். ஈறு நன்றாக ஆறினால்தான் பல் செட்டு மாட்டலாம் என்று கள்ளக்குறிச்சி டாக்டர் சொல்லிவிட்டார். மாமா தட்டைப் பார்த்து முகத்தைச் சுளிக்கும்போது சமைத்த எனக்குக் கோபம் கோபமாக வரும். யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியாது.

அந்தச் சமயத்தில் நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். கல்வராயன் மலையடிவாரம், கச்சிராயபாளையத்துக்குப் பக்கம். என்னைத் திரும்ப அழைத்துப் போக மாமா வந்தார். சம்பந்தி வீட்டுக்கு வந்தவருக்குக் கஞ்சியா ஊற்றுவது என்று அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். நான்தான் உடைத்த பட்டாணியில் சூப்பு வைத்தேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. பட்டாணியை ஊற வைத்து, சின்ன வெங்காயம், பூண்டு, ஒரு கேரட், ஒரு உருளைக்கிழங்கு, மஞ்சள்தூள் எல்லாம் சேர்த்துக் குக்கரில் வைக்க வேண்டும். ஆவி அடங்கியதும் மத்தால் கடைந்து, மிளகும் சீரகமும் ஒன்றிரண்டாக இடித்துப் போட்டு, உப்பு போட்டு, நெய்யில் கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் தீர்ந்தது. அங்கே கிணற்றில் இருப்பது மலையிலிருந்து இறங்கி ஊறுகிற தண்ணீர். பட்டாணி இருந்த இடம் தெரியாமல் கரைந்து, கரண்டியில் எடுத்தால் மெதுவாக வழிந்தது.

மாமா ஒரு பொறை ரொட்டியை அதில் தோய்த்து வாயில் வைத்தார். கண்ணை மூடினார். அப்புறம் தட்டோடு தூக்கிக் குடித்தார். மீசையெல்லாம் மஞ்சள்.

"இன்னாம்மா இது? இத்தன நாளா இத வச்சிக்கினுதான் எனக்குக் கூழ ஊத்திக்கினு இருந்தியா?" என்றார்.

பஸ்ஸில் வரும்போதும் அதே பேச்சு. வாரத்துக்கு இரண்டு நாள் வைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டேன்.

எங்கள் வீடு நைனார்பாளையத்தில் ஊரை விட்டுத் தள்ளி, கரும்புக் கொல்லைக்கு நடுவில் இருக்கிறது. பஞ்சாயத்துக் குழாய் அங்கே வராது. மாமா போட்ட போர்வெல் தண்ணீர்தான் வீட்டுக்கும் கொல்லைக்கும். அக்கம்பக்கத்தில் போர் போட்ட எல்லோருக்கும் வெறும் புழுதிப் புகை மட்டும் கிளம்பியபோது இவருக்கு மட்டும் தண்ணீர் பீய்ச்சி அடித்ததாம். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அந்தக் கதையை எத்தனை தடவை கேட்டிருப்பேனோ. வருகிறவர் யாராக இருந்தாலும், டிராக்டர் டிரைவரோ ரேஷன் கார்டு சரிபார்க்க வந்தவரோ, முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாக வேண்டும். குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லியும் ஆக வேண்டும்.

அந்தத் தண்ணீரில் பட்டாணி வேகவில்லை. விசில் மேல் விசில் விட்டேன். மேலே குழைந்த மாதிரி இருந்தது, உள்ளே மணல் மாதிரி நின்றது. மிக்ஸியில் அடித்தேன், நரநரவென்று நாக்கில் ஒட்டியது. மாமா ஒரு வாய் வைத்தார். ஈறில் குத்தியிருக்க வேண்டும், ஒவ்வொன்றாகத் துப்பித் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

அந்த உப்புத் தண்ணீர்தான் காரணம் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. வாயைத் திறப்பதற்குள் அத்தை அடுப்பங்கரையிலிருந்து என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார்.

"பட்டாணி பழசு," என்று சத்தமாகச் சொன்னார். "கடயில பழச தள்ளி வுட்டுட்டாங்க."

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தண்ணிய பத்தி அவருகிட்ட வாயத் தொறக்காத. நானே இத்தினி வருஷமா சோடா உப்பப் போட்டுத்தான் துவரம்பருப்ப வேவ வச்சிக்கினு இருக்கேன். அந்தத் தண்ணின்னா அவருக்கு உசுரு. மனசு ஒடஞ்சி பூடும்," என்றார்.

பட்டாணியில் சோடா உப்பைப் போட்டும் பார்த்தேன். சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைத்து, வழவழவென்று ஆகி, ஒரு நாற்றமும் வந்தது. அதை மாட்டுத் தொட்டியில் ஊற்றினேன், மாடுகூடத் தலையைத் திருப்பிக்கொண்டது.

ஊருக்குள் மளிகைக்கடை வைத்திருந்தவர் மாமாவின் சின்ன வயதுச் சிநேகிதர். இரண்டு பேரும் சாயங்காலம் ஆனால் கடை வாசலில் உட்கார்ந்து டா போட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள். மாமா அவரிடம் போய்ப் புதுப் பட்டாணி கேட்டார். அவரும் மூட்டையைப் பிரித்துப் புதிதாகத்தான் கொடுத்தார். அதுவும் வேகவில்லை. மாமாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. வேகாத பட்டாணியை டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு போய், கடையில் ஆட்கள் நிற்கும்போதே தராசுத் தட்டில் கொட்டி, "இத நீ மென்னு பாருடா," என்றாராம். கடைக்காரரும் சும்மா இருக்கவில்லை. "உனுக்குப் பல்லு போனதுக்கு எம் பட்டாணி இன்னாடா பண்ணும்?" என்று கேட்டுவிட்டார். நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். மாமா டிபன் பாக்ஸைக்கூட எடுக்காமல் வந்துவிட்டார்.

இரண்டு கிழவர்கள் பட்டாணிக்குச் சண்டை போட்டதைக் கேட்டு என் வீட்டுக்காரர் விழுந்து புரண்டு சிரித்தார். எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தோம்.

சரியாகவில்லை. மாமா கடைத் தெருவை விட்டுச் சுற்றிப் போக ஆரம்பித்தார். பட்டாணி வாங்கக் கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினார். ஒரு கல்யாணத்துக்குத் திருக்கோவிலூர் போனவர் அங்கேயும் வாங்கி வந்தார். வாங்கி வந்து என் கையில் கொடுக்கும்போது முகத்தில் அப்படி ஒரு ஆசை. நான் ஊற வைப்பேன். அது வேகாது. "டவுன்லயும் ஏமாத்தறானுங்கம்மா," என்று என்னைத் தேற்றிவிட்டுக் கூழைக் குடிப்பார்.

பார்க்கச் சகிக்கவில்லை. அடுத்த தடவை அம்மா வீட்டுக்குப் போனபோது ஒரு கேன் நிறையக் கிணற்றுத் தண்ணீர் பிடித்து வந்தேன். பஸ்ஸில் கண்டக்டர் முறைத்தார். வீட்டுக்குள் கொண்டுவர முந்தானையால் மூட வேண்டியிருந்தது. கள்ளக்குறிச்சிப் பட்டாணி மிச்சம் இருந்தது, அதில் சூப்பு வைத்தேன். வெண்ணெய் மாதிரி வந்தது. மாமா இரண்டு தட்டுக் குடித்துவிட்டுத் தொடையில் தட்டினார்.

"பாத்தியா! டவுன் பட்டாணி! அப்ப அவன் குடுத்ததுதான் மோசம். கூடப் பொறந்தவன் மாதிரி இருந்துக்கினு எனக்கே பழச போட்டிருக்கான்."

அத்தையும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நல்லது செய்யப் போய் அந்த மனுஷன் மேல் பழியை நானே உறுதிப்படுத்திவிட்டேன். அப்போதே சொல்லியிருக்கலாம். அவர் வாயெல்லாம் மஞ்சளாக, அத்தனை சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

அந்தக் கரும்பு வெட்டு முடிவதற்குள் மாமா போய்விட்டார். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு லோடு ஏற்றிவிட்டு வந்து, நெஞ்சு வலிக்கிறது என்று கட்டிலில் படுத்தார். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பல் செட்டு டாக்டரிடமே தங்கிவிட்டது. சாவுக்குக் கடைக்காரர் வந்தார். மாலை போட்டார், ஒரு ஓரமாகக் கடைசிவரை நின்றுவிட்டுப் போனார்.

கருமாதிக்கு அவருக்குப் பிடித்ததையெல்லாம் படைக்க வேண்டும். சூப்பும் வைக்க வேண்டும் என்று அத்தை சொன்னார். பட்டாணி வாங்க நான் நேராக ஊருக்குள் அந்தக் கடைக்கே போனேன். கடைக்காரர் பட்டாணியை அள்ளினார், ஆனால் நிறுக்கவில்லை.

"ஏம்மா, உன்ன ஒண்ணு கேக்கணும். நெஜமாவே எம் பட்டாணி மோசமாவா இருந்துச்சி? அவன் போனதுலருந்து மூட்ட வாங்கற எடத்தக்கூட மாத்திட்டேன். எங்கூட்டுல வச்சா நல்லாத்தான் வேவுது."

"பட்டாணி மேல ஒண்ணும் இல்லீங்க. எங்க போர் தண்ணியில எதுவும் வேவாதுங்க. அது அவருக்குத் தெரிஞ்சா மனசு ஒடஞ்சிடும்னு அத்த சொல்லக் கூடாதுன்னுட்டாங்க," என்றேன்.

அவர் அள்ளிய பட்டாணியை மூட்டைக்குள்ளேயே விட்டுவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

"தண்ணியா? எனக்கும் தோணாம போச்சே. பல்ல பத்திப் பேசிட்டமேன்னு அதையே நெனச்சிக்கினு கெடந்தேன். போர் போட்ட அன்னிக்கு மொத சொம்பு எனக்குத்தாம்மா குடுத்தான். வாயில ஊத்தன ஒடனே துப்பிட்டேன். இன்னாடா இப்பிடி உப்பு கரிக்குது, கடலயா தோண்டியிருக்கன்னு கேட்டேன். வுழுந்து வுழுந்து சிரிச்சான். எங்கூட்டுல இனிமே உப்பு செலவு கம்மிடான்னான். நீங்க சொல்லியிருந்தாலும் சிரிச்சிருப்பான்," என்றார்.

வீட்டுக்கு வந்து அப்படியே அத்தையிடம் சொன்னேன். அத்தை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது.

"எங்கிட்ட அப்பிடி சிரிச்சதே இல்லியே," என்றார். "தண்ணி நல்லாருக்கான்னு கேப்பாரு. நல்லாருக்குன்னு சொல்லுவேன். எத்தினி வருஷம்."

என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, வண்டியில் போய் என் அம்மா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை எடுத்து வரச் சொன்னார். இந்தத் தடவை கேனை யாரும் மூடி எடுத்து வரவில்லை.

கடைக்காரரின் பட்டாணி கரைந்து போனது. மாமாவின் போட்டோவுக்கு முன்னால் இலையில் வடை, கருவாட்டுக் குழம்பு, பொறை, தட்டு நிறையச் சூப்பு. பக்கத்தில் ஒரு சொம்பு போர் தண்ணீரையும் அத்தை வைத்தார். படைத்து முடித்ததும் கடைக்காரருக்குத்தான் முதலில் ஊற்றினோம். அவர் வாசலிலேயே குந்தி உட்கார்ந்து, பொறையைத் தோய்த்துச் சாப்பிட்டார். வழித்து நக்கிவிட்டுப் போட்டோவைப் பார்த்தார்.

"டேய், தண்ணிடா," என்றார்.

சொல்லிவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா சிரித்திருக்க வேண்டிய இடம் அது. அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று வீட்டில் எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை.