மறைக்கிறான், தள்ளச் சொல்லு

“மறைக்கிறான் பாரு பாப்பா, தள்ளச் சொல்லு!” என்று தாத்தா கத்துவார். டிவியில் மறைத்துக்கொண்டு நின்றவன் பனைமரம் மாதிரி வளர்ந்த ஒரு குஸ்திக்காரன். அவனைப் பார்க்கத்தான் அத்தனை ஜனமும் டிக்கெட் வாங்கி வந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. என் தாத்தாவுக்கு மட்டும் அவன் ஓர் இடைஞ்சல். அவன் தோளுக்குப் பின்னால், தடுப்புக்கு அந்தப் பக்கம் மங்கலாகத் தெரிந்த கூட்டத்தைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் டிவிக் கண்ணாடியின் மேல் மூலைகள் இரண்டிலும் அவருடைய விரல் அழுக்கு அப்பியிருக்கும். சண்டை நடக்கிற நடுப்பகுதி மட்டும் பளபளவென்று இருக்கும்.

மீன்சுருட்டியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற சின்ன ஊர் அது. அப்பாவுக்கு எறையூர் சர்க்கரை ஆலைப் பக்கம் வேலை. பள்ளிக்கூடத்தை மாற்ற வேண்டாம் என்று என்னை அம்மாவைப் பெற்றவர்களிடம் விட்டிருந்தார்கள். தாத்தாவும் அம்மாயியும் ஒரு குஸ்தியைக்கூட விடமாட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும். ‘குஸ்தி வூடு’ என்று எங்களுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். வகுப்பில் பையன்கள் ரெஸ்லிங் படம் போட்ட சீட்டுகளை வைத்து விளையாடும்போது, எங்க அம்மாயிக்கு இதுல எல்லாரையும் தெரியும் என்று நான் பீற்றிக்கொள்வேன். அது பச்சைப் பொய். அம்மாயிக்கு ஒருவன் பெயரும் வாயில் நுழையாது. சடைக்காரன், மொட்டையன், சாம்பல் பூசினவன், இப்படித்தான். யார் ஜெயித்தது என்று கேட்டால், “எவனோ ஒருத்தன்” என்பார்.

அவர்கள் தேடியது மாமாவை. மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஜெயங்கொண்டத்தில் ஒரு சாமியானா கடையில் வேலை பார்த்தவர். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் பந்தல் போட்டு, வண்டியிலிருந்து நாற்காலி இறக்கி, வரிசை கட்டுவது அவர் வேலை. அதில் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு வரிசையிலும் நடைவழி ஓரமாக இருக்கிற கடைசி நாற்காலியை மட்டும் லேசாக வழிப்பக்கம் திருப்பி வைப்பார். வயசானவர்கள் வந்த அலுப்பில் அப்படியே உட்காரலாம், முட்டி இடிக்காது என்பார். கடைக்காரர் திட்டிக்கொண்டே நேராக்குவார். அவர் தலை மறைந்ததும் மாமா மறுபடி திருப்புவார். “கல்யாணத்துக்குள்ள நொழஞ்சதுமே சொல்லிடுவேன், இது எம்மவன் போட்டதா, வேற எவனாச்சும் போட்டதான்னு” என்று தாத்தா சொல்லிக்கொள்வார். அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

நான் ஐந்தாவது படிக்கும்போது மாமா வளைகுடாவுக்குப் போனார். ஏஜெண்ட் சொன்ன வேலை ஒன்று, கிடைத்த வேலை வேறு. கட்டடம் கழுவ, சாமான் தூக்க, எங்கே ஆள் வேண்டுமோ அங்கே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுவார்களாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு போனுக்கு அவர் கூப்பிட்டார். தாத்தா காதில் வைத்திருந்தாலும் தெருவுக்கே கேட்டது.

“யப்பா, டிவியில வெள்ளக்காரன் குஸ்தி போடுவான்ல, அது இங்க வந்துருக்குப்பா. நாற்காலி பூரா நாங்கதான் போட்டோம். நம்ம கடையில போட்ட மாதிரியே கடைசி நாற்காலியத் திருப்பி வச்சிருக்கேன். டிவியில பாருங்க, நான்கூடத் தெரிஞ்சாலும் தெரிவேன்.”

தாத்தா போனை வைத்துவிட்டு வெகுநேரம் சிரித்தார். “இங்க போட்ட நாற்காலியப் போடத்தான் ஏரோப்ளேன் ஏறிப் போனானாக்கும்.” அவர் அப்படிச் சிரித்ததை நான் அப்புறம் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு மாமா எப்போதோ ஓரிரு தடவை பேசினார். அப்புறம் போன் வரவில்லை. தா.பழூர்ப் பக்கத்திலிருந்து அதே கம்பெனிக்குப் போயிருந்த ஒருவர் லீவில் வந்தபோது, மாமா கம்பெனியை விட்டு ஓடிவிட்டதாகச் சொன்னார். எங்கே ஓடினார் என்று அவருக்கும் தெரியவில்லை. பாஸ்போர்ட் கம்பெனியிடமே இருந்ததாம். தாத்தா கொடுக்க வேண்டிய இடத்திலெல்லாம் மனு கொடுத்தார். பார்க்க வேண்டியவர்களையெல்லாம் பார்த்தார். கடைசியில் பார்ப்பதற்கு மிச்சமிருந்தது டிவி ஒன்றுதான்.

அப்படித்தான் எங்கள் வீட்டில் குஸ்தி ஆரம்பித்தது. சாயங்காலம் மறுஒளிபரப்பு வரும். காமிரா கூட்டத்தின் பக்கம் திரும்பியதும் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு முன்னால் நகர்வார்கள். இடது பக்கம் தாத்தாவுக்கு, வலது பக்கம் அம்மாயிக்கு என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். நம் நிறத்தில் ஒரு முகம் தெரிந்தால் போதும், “அந்தா, அந்தா!” என்று விரல் கண்ணாடிக்குப் போய்விடும். அதற்குள் அந்தத் தடியன் வந்து நின்றுவிடுவான். ஜனங்கள் எந்நேரமும் எழுந்து நின்றுகொண்டே இருந்ததில் அம்மாயிக்குத் தீராத ஆற்றாமை. “ஒக்காரவே மாட்டேங்குறானுவளே, பொறவு எதுக்கு நாற்காலி? செத்த ஒக்காந்தாத்தான் என்னா? கடைசி நாற்காலி எந்தப் பக்கம் பாத்து கெடக்குன்னு தெரியுமில்ல” என்பார்.

அந்தக் குஸ்தியில் நாற்காலியால் அடிப்பது பெரிய விசேஷம். சண்டை முற்றினால் ஒருவன் வெளியே குதித்து, இரும்பு மடக்கு நாற்காலி ஒன்றைத் தூக்கிவந்து அடுத்தவன் முதுகில் சாத்துவான். நாற்காலி வளைந்து போகும். ஊரிலுள்ள பிள்ளைகள் எல்லாம் அதற்காகவே பார்ப்பார்கள். நானும் ஒருநாள் துள்ளிக் குதித்துக் கை தட்டினேன். தாத்தா தலையில் கை வைத்துக்கொண்டார். “பாவிப்பய, தூக்கிக் கொண்டாந்து போட்டவனுக்குல்ல தெரியும் அதோட கனம்.” அம்மாயி என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். “ஒன் மாமன் போட்ட நாற்காலிடி அது. கை தட்டுற?” அடிபட்டுக் கிடந்தவனைப் பற்றி இரண்டு பேருக்கும் கவலையே இல்லை. சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு எனக்குக் கை தட்ட வரவில்லை.

ஒன்பதாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு உலகப்படம் ஒன்று வாங்கினேன். மாமா போன நாடு ஒரு மூலையில் இருந்தது. டிவியில் காட்டுகிற குஸ்தியோ பெரும்பாலும் அமெரிக்காவில் நடப்பது. நடுவில் அத்தனை கடல். படத்தை விரித்து அம்மாயியிடம் விரல் வைத்துக் காட்டினேன். அவர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டார்.

“கரும்பு வெட்டுறவன் எறையூர்லயே கெடக்கானா? எந்த ஆலைக்கு வெட்டு நடக்குதோ அங்கல்ல போறான். இவனும் குஸ்தி எங்க நடக்குதோ அங்க போவான். நாற்காலி எந்த ஊர்லயும் வேணுமில்ல.”

பாஸ்போர்ட் இல்லாதவர் எப்படிக் கடல் தாண்டுவார் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு நியாயம் வைத்திருப்பார். நான் படத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

அம்மாவுக்கு இது எதுவும் பொறுக்காது. பொங்கலுக்கு வந்தால்கூட டிவி இருக்கிற அறைக்குள் உட்காரமாட்டார். ஒரு தடவை நேராக வந்து டிவிக்கு முன்னால் நின்றுகொண்டார். “செத்துட்டான்னா ஒரு திதி குடுப்போம். இருக்கான்னா போன் வரட்டும். ரெண்டும் இல்லாம இப்படி இதையே பாத்துக்கிட்டுக் கெடந்தா என்னாப்பா அர்த்தம்?” என்று கேட்டார். தாத்தா அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “நீ தள்ளு, மறைக்குது” என்றார். அம்மா கொல்லைப்பக்கம் போய் அழுதார். அன்றைக்கு இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் வந்தது. யார் பக்கம் நிற்பது என்று தெரியாத கோபம் அது.

வருஷங்கள் ஓடின. பெரம்பலூரில் கல்லூரி முடித்து அங்கேயே ஒரு ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். தாத்தாவுக்குக் கால் வீங்கிக்கொண்டது, காது மந்தமானது. டிவி பெட்டி மாறித் தட்டை டிவி வந்தது. அதன் மூலைகளிலும் விரல் அழுக்கு ஏறியது. பிறகு கொரோனா ஊரடங்கு வந்து ஆபீசைப் பூட்டினார்கள். நான் தாத்தா வீட்டுக்கே திரும்பினேன். ஒரு சாயங்காலம் வழக்கம்போலக் குஸ்தி போட்டார்கள். பாட்டு அதிர்ந்தது, விளக்குகள் சுழன்றன, சடைக்காரன் கையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தான். கத்துவதற்கு ஓர் ஆள் இல்லை. அவனைச் சுற்றிலும் வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள்.

இத்தனை வருஷம் எந்த நாற்காலியைப் பார்க்க முடியவில்லை என்று தவித்தார்களோ, அதைத் தவிர அங்கே வேறெதுவும் இல்லை. அம்மாயிதான் முதலில் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனார்.

“கடைசியப் பாரு புள்ள. வழிப்பக்கம்” என்றார் தாத்தா.

அம்மாயி வரிசையின் நுனியில் விரலை வைத்தார். “நேரா இருக்குங்க.”

“அடுத்தது?”

“அதுவும் நேராத்தான் இருக்கு.”

காமிரா எதிர்ப்பக்கம் திரும்பியது. அம்மாயியின் விரல் ஒவ்வொரு வரிசையாக இறங்கியது. பிறகு அவர் பதில் சொல்வதை நிறுத்திவிட்டார். தாத்தா என்னைப் பார்த்தார். “பாப்பா, ஒனக்குக் கண்ணு நல்லாத் தெரியும். நீ சொல்லு.”

நூல் பிடித்த மாதிரி இருந்தன. ஒன்றுகூடத் திரும்பியிருக்கவில்லை. “நேராத்தான் இருக்கு தாத்தா” என்றேன்.

அவர் ரிமோட்டைத் தேடி எடுத்தார். “அவன் போடல” என்று சொல்லி அணைத்துவிட்டார்.

இது வேற ஊரா இருக்கும், மாமா வேற இடத்துல போட்டுக்கிட்டிருப்பார் என்று நான் சொல்லியிருக்கலாம். அம்மாயியின் கரும்பு வெட்டு நியாயம் எனக்கு மனப்பாடமாகவே இருந்தது. ஆனால் அம்மாயியே அதைச் சொல்லவில்லை. எந்த மனுவுக்கும் வராத பதில் அன்றைக்கு வந்துவிட்டது என்று மூன்று பேருக்கும் தோன்றிவிட்டது. யாரும் அழவில்லை. அம்மாயி அடுப்படிக்குப் போய் உலை வைத்தார்.

தாத்தா அதற்குப் பிறகு குஸ்தி பார்க்கவில்லை. சாப்பாடு குறைந்தது, பேச்சு குறைந்தது. அடுத்த மார்கழியில் போய்விட்டார். கொள்ளி வைக்கப் பங்காளி வீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டியிருந்தது. அவன் தோளில் பானையை ஏற்றியபோது அம்மா கதறியது தாத்தாவுக்காக மட்டும் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

கருமாதிக்கு ஜெயங்கொண்டத்திலிருந்து சாமியானா வந்தது. மாமா வேலை பார்த்த கடைதான், ஆட்கள் புதியவர்கள். சொந்தக்காரர்கள் வருவதற்கு முன்பே பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசை கட்டியிருந்தார்கள். அம்மாயி உள்ளிருந்து வந்தார். முதல் வரிசையின் கடைசி நாற்காலியைப் பிடித்து லேசாக வழிப்பக்கம் திருப்பினார். அடுத்த வரிசைக்குப் போனார். அப்படியே ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டு கடைசி வரை நடந்தார். சாமியானாக்காரர் பின்னாலேயே வந்து ஒவ்வொன்றாக நேராக்கினார். “வுடுங்க ஆத்தா, வர்றவங்க கால்ல இடிக்கும்” என்றார். அவர் மேல் தப்பில்லை, வரிசை நேராக இருக்க வேண்டியது அவருடைய வேலை. அம்மாயி திரும்பிப் பார்த்தார். அப்படியே உள்ளே போய்விட்டார்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அம்மாயிக்கு இப்போது ஒரு கண்தான் தெரிகிறது, அதிலும் பாதிதான். ஏதோ ஒரு பாட்டுக்காகச் சேனலை மாற்றிக்கொண்டே வந்தவள் குஸ்தியில் போய் விழுந்தேன். கூட்டம் திரும்ப வந்திருந்தது. தலைக்கு மேல் தலையாக, எல்லோரும் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். பதறிப்போய் ரிமோட்டை அழுத்தினேன். அதற்குள் அவர் காதில் விழுந்துவிட்டது.

“என்னா சத்தம் அது?”

“குஸ்தி அம்மாயி. மாத்திட்டேன்.”

“அதையே வையி. ஆளுவ வந்துட்டாங்களா?”

“வந்துட்டாங்க. நெறையக் கூட்டம்.”

“நாற்காலி தெரியுதா?”

“தெரியல அம்மாயி. எல்லாரும் எந்திரிச்சு நின்னு மறைக்கிறாங்க.”

மாமா வரமாட்டார். எனக்குத் தெரியும். அம்மாயிக்கும் தெரியும், அதைத் தன் விரலாலேயே வரிசை வரிசையாகத் தொட்டுப் பார்த்தவர் அவர். இருந்தும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு டிவிக்கு முன்னால் நகர்ந்து வந்தார். தன்னுடைய வலது பக்கத்தில் உட்கார்ந்தார். தாத்தா உட்காருகிற இடத்தைக் கையால் தட்டி என்னைக் கூப்பிட்டார்.

“மறைச்சா மறைக்கட்டும் வுடு” என்றார். “நீ அந்தப் பக்கம் பாரு.”